கண்ணீர் அஞ்சலி ஃபோல்டரைக் காப்பாற்றிய கதை

தண்டையார்பேட்டையில் என் தாய்மாமா நடத்தும் டிடிபி கடையில்தான் நானும் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் நோட்டீஸ் என்று எல்லாம் செய்கிறோம். ஆனால் எங்கள் கம்ப்யூட்டரில் நான் உயிராக நினைப்பது ‘கண்ணீர் அஞ்சலி’ ஃபோல்டரைத்தான்.

எங்கள் ஏரியாவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சில மணி நேரத்துக்குள் தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டியாக வேண்டும். அழுத கண்ணோடு வருகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய அடையாள அட்டை, யாரோ ஒருவர் கல்யாண ஆல்பத்தில் மூலையில் நிற்கும் படம், இல்லையென்றால் மங்கிப்போன வாட்ஸ்அப் போட்டோ. மாமா அதை ஸ்கேன் செய்து, பின்னால் நிற்கிற கூட்டத்தை அழித்து, கண்ணுக்கும் நெற்றிக்கும் வெளிச்சம் கொடுத்து ஒரு முகத்தை மீட்டெடுப்பார். அதே படம்தான் பிறகு அந்த வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும். முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கும் அதையே கேட்டு வருவார்கள். பல குடும்பங்களுக்கு அந்த முகம் தெளிவாக இருக்கும் ஒரே இடம் எங்கள் கடை ஹார்ட் டிஸ்க்.

அந்த 1 டிபி டிஸ்க்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. எல்லா ஃபோல்டரும் சரியாகத் திறக்கும். ஒரு சில ஃபைலைத் தொட்டால் மட்டும் சிஸ்டம் அப்படியே உறைந்து நிற்கும். ஒரு நிமிடம் போனபின் ஒன்றும் நடக்காதது போல ஓடும். “இன்னா மாப்ள, சிஸ்டம் இப்டி தூங்குது? ஃபார்மட் அட்ச்சா சரியாப்பூடும்னு சர்வீஸ் பையன் சொல்றான்” என்றார் மாமா. “வேணாம் மாமா, முதல்ல டிஸ்க் எப்படி இருக்குன்னு பாத்துருவோம்” என்றேன்.

விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் ‘டிஸ்க்’ என்ற பெயரில், ஈவென்ட் எண் 7 வரிசையாகச் சிவப்பில் நின்றது. டிஸ்க்கில் கெட்டுப்போன பிளாக் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்தேன். இலவச மென்பொருள்தான். எல்லா ஹார்ட் டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அந்தக் கணக்கைத்தான் இது படித்துக் காட்டுகிறது. நீலத்தில் ‘குட்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளில் ‘காஷன்’ என்று இருந்தது.

அந்தப் பட்டியலில் எல்லா வரியையும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறியீடு இருக்கும், நான் முக்கியமாகப் பார்ப்பது நான்கு. 05 என்பது கெட்டுப்போய், உபரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டார்கள், அதாவது டிஸ்க் தகவலை எழுதி வைக்கும் சின்னக் கட்டங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள். சி6 என்பது டிஸ்க் தானே சோதித்துப் பார்த்தும் தேறாதவை. சி7 மட்டும் வேறு ஜாதி. அது பெரும்பாலும் கேபிள் கோளாறு. டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிய பிறகு அந்த எண் மேலே ஏறாமல் நின்றால் போதும், பழைய எண் குறையாது. எங்கள் டிஸ்க்கில் சி7 பூஜ்யம். சி5-இன் கடைசியில் 18 என்று இருந்தது. இந்த மென்பொருள் அந்த எண்களைப் பதினாறடிமான முறையில் (பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணுவது) காட்டும் என்பதால் அது உண்மையில் 24. செட்டிங்கில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டால் குழப்பம் இருக்காது. உறைதலுக்குக் காரணமும் இதுதான்: படிக்க முடியாத செக்டாரை டிஸ்க் விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது, அதுவரை விண்டோஸ் காத்துக்கிடக்கிறது.

‘குட்’ என்று காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாமா என்றால், கூடாது. 2007-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் எண்கள் எதிலும் முன்கூட்டி எச்சரிக்கை தரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். எச்சரிக்கை வந்தால் அதை வரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடனே சிஸ்டத்தை அணைத்தோம். ஃபார்மட் மட்டுமல்ல, விண்டோஸோடு வரும் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க் ஓட்டுவதும் இந்த நிலையில் ஆபத்து. அது ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக்குகிற சாக்கில் சாகக் கிடக்கும் டிஸ்க் மேலேயே எழுதும். முதலில் நகல், பிறகுதான் மற்றதெல்லாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம், கரன்ட்டைப் பிடுங்கிவிட்டு டேட்டா ரெகவரி லேபுக்குப் போய்விடுங்கள். எங்களுடையதில் சத்தம் இல்லை.

பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை ஒன்று பாக்கி இருந்ததால் மாமா லேப்டாப்பில் உட்கார்ந்தார். நான் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிட்சி ஸ்ட்ரீட் போய் 2 டிபி டிஸ்க் வாங்கி வந்தேன். புது டிஸ்க்கை மாட்டியதும் பார்க்க வேண்டியது ஸ்மார்ட்டில் 09, அதாவது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு. புதியது என்றால் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் காட்டினால் அது பழைய சரக்கு, பில்லோடு திருப்பிக் கொடுங்கள்.

நகல் எடுக்க, விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இலவச லினக்ஸை பென் டிரைவிலிருந்து பூட் செய்து, கெட்ட டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை ஓட்டினேன். சாதாரண காப்பி-பேஸ்ட் கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு டிஸ்க்கைச் சாகடித்துவிடும். டிடிரெஸ்க்யூ, நல்ல இடத்தையெல்லாம் முதல் சுற்றில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடத்தைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறது. எதைப் படித்தது, எது பாக்கி என்று ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொண்டே போகும். பாதியில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைலை இன்னொரு பென் டிரைவில் வையுங்கள். உபுண்டுவின் தற்காலிக மெமரியில் வைத்தால் கரன்ட் போகும்போது அதுவும் போய்விடும்.

உள்ளங்கை வேர்க்கும் இடம் ஒன்று உண்டு. எது பழையது, எது புதியது என்பதை மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கை எடுத்து நிரம்பிய டிஸ்க் மேல் எழுதிவிடும். மற்ற டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மாமா செல்போன் டார்ச் பிடிக்க, லேபிளில் உள்ள சீரியல் நம்பரை அவர் எழுத்து எழுத்தாகப் படிக்க, நான் திரையில் உள்ளதோடு ஒப்பிட்டேன். “சரியா கீதா?” “சரியா இருக்கு மாமா.” அதன் பிறகுதான் என்டர் தட்டினேன்.

நொடிக்கு 100 எம்பி வேகம் இருந்தால் 1 டிபி மூன்று மணி நேரத்துக்குள் முடியும் கணக்கு. பெரும்பகுதி அந்த வேகத்தில்தான் வந்தது. மிச்சமிருந்த கொஞ்சத்துக்கு ராத்திரி முழுக்க முட்டி மோதியது. கடைசியில் படிக்கவே முடியாமல் போனது 100 கேபிக்கும் குறைவு.

அது எந்த ஃபைலில் விழுந்தது என்று தெரிய வேண்டுமே? டிடிரெஸ்க்யூவிலேயே வழி இருக்கிறது. மேப் ஃபைலை வைத்து, நகலில் உள்ள ஓட்டைகளில் மட்டும் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பச் சொல்லலாம். பிறகு எல்லா ஃபைலிலும் அந்தச் சொல்லைத் தேடினால் அடிபட்டவை மாட்டிக்கொள்ளும். மூன்று மாட்டின. இரண்டு பழைய பேனர், மாமா தீபாவளிக்கு முன் நகல் எடுத்து வைத்திருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் அவை இருந்தன. மூன்றாவது, அதற்குப் பிறகு வந்த ஓர் அஞ்சலி போஸ்டர். மீன் வியாபாரம் செய்த ஒரு பாட்டியம்மா. நாங்கள் போஸ்டர் வடிவமைக்கும் கோரல் டிரா மென்பொருள் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்திலேயே ‘பேக்கப் ஆஃப்’ என்று தொடங்கும் முந்தைய பிரதி ஒன்றை விட்டு வைக்கும். அதைத் திறந்தேன். மூக்குத்தியோடு பாட்டி முழுசாக இருந்தார். மாமா ஒன்றும் பேசாமல் எனக்கு டீ சொல்லிவிட்டார்.

டிடிபிகாரர்கள் மறக்கக் கூடாத ஒன்று ஃபான்ட். பழைய வேலைகள் எல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு அல்ல, பாமினி போன்ற ஃபான்ட்களில் அடித்தவை. ஃபைல் பத்திரமாக இருந்தும் ஃபான்ட் இல்லையென்றால் ‘இதய அஞ்சலி’ இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். ஃபான்ட் ஃபோல்டரையும் முதல் ஆளாக பேக்கப்பில் சேர்த்தேன்.

இப்போது எங்கள் ஏற்பாடு 3-2-1. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய விதி: மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். கடை தரைத்தளத்தில் இருப்பதால் அந்த ‘வேறு இடம்’ எங்களுக்கு ரொம்ப முக்கியம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்ததை மறக்க முடியுமா? வேலை டிஸ்க் ஒன்று, கடை பீரோவில் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று, பெரம்பூரில் அத்தை வீட்டு இரண்டாம் மாடியில் இன்னொன்று. இரண்டு எக்ஸ்டர்னலும் மாறி மாறிப் போய்வரும். அஞ்சலி ஃபோல்டர் மட்டும் கிளவுடுக்கும் போகிறது. காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுகிறோம். மாட்டியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். விண்டோஸோடு வரும் நகல் கருவியான ரோபோகாப்பியின் மிரர் முறையும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இங்கே தெரியாமல் ஒன்றை அழித்தால், அடுத்த முறை அங்கேயும் அழித்துவிடும் அது.

மாதம் ஒருமுறை ஸ்மார்ட் எண்களை நோட்டில் எழுதுகிறேன். எண்ணைவிட அது ஏறுகிறதா என்பதுதான் விஷயம். அன்றைக்கே பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு பழைய ஃபைலை லேப்டாப்பில் திறந்தும் பார்க்கிறோம், ஃபான்ட் உட்பட.

பழைய டிஸ்க்கை மாமா காயலான் கடையில் போடப் பார்த்தார். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களின் ஆதார் ஸ்கேன் அதில் எத்தனை இருக்கும்! புது டிஸ்க் கொஞ்ச காலம் நன்றாக ஓடுகிற வரை பழையதை எடுத்து வைத்திருந்து, பிறகு பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்து, உள்ளே இருக்கும் தட்டுகளை டிரில் போட்டுத் துளைத்த பிறகே காயலான் கடைக்குக் கொடுத்தோம்.