அந்தச் சட்டை வெள்ளைதானே?

"எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்று கேமரா பிடிப்பவர் சொல்வதில் தப்பே இல்லை. எடிட்டரும் அவரேதான் என்றால் மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும். நண்பனின் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய பழைய கதைகளை வீடியோவாக எடுத்துத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அன்று ஏழெட்டுத் தடவையாவது அந்த வசனத்தைச் சொல்லியிருப்பேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டதும் நான்தான்.

முதல் கிளிப்பைத் திறந்தால் மனிதர் நீலமாக இருந்தார். முந்தின நாள் குண்டு பல்பு வெளிச்சத்தில் எதையோ எடுப்பதற்காக, வெளிச்சத்துக்கு ஏற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வைத்தவன், அதை அப்படியே விட்டிருக்கிறேன். இவர் உட்கார்ந்ததோ ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில். அதற்கு 5600 பக்கம் வேண்டும். சரி, இதற்குத்தான் மென்பொருளில் ஐட்ராப்பர் இருக்கிறதே! படத்தில் வெள்ளையான ஏதாவது ஒன்றைத் தொட்டுக் காட்டினால், மற்ற நிறங்களை அதை வைத்து அதுவே சரிசெய்துகொள்ளும். அவருடைய வெள்ளைச் சட்டையைத் தொட்டேன். நீலம் போனது. ஆரஞ்சு வந்தது. காலரைத் தொட்டேன், கைமடிப்பைத் தொட்டேன், எங்கே தொட்டாலும் ஆரஞ்சுதான்.

இரவு 11.30 மணிக்கு நண்பனுக்கு போன் போட்டேன்.

"டேய், உங்கப்பா அன்னைக்குப் போட்டிருந்த சட்டை வெள்ளைதானே?"

"மணி என்னன்னு தெரியுமா?" என்றவன், யாரிடமோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். "வெளிர் நீலமாம். ஏன் கேக்குறேன்னு அம்மா கேக்குறாங்க."

நீலச் சட்டையை வெள்ளை என்று நான் சொன்ன பொய்யை நம்பி, மென்பொருள் ஊரையே ஆரஞ்சாக்கியிருக்கிறது. மேசைமேல் கிடந்த ஒரு காகிதம்தான் கடைசியில் காப்பாற்றியது.

வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப்போன ஜன்னலை எதுவும் காப்பாற்றவில்லை. 8 பிட் வீடியோவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் படிகள். உச்சியில் போய் முட்டிய இடத்தில் விவரம் எதுவும் இருக்காது. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தேன், ஜன்னலுக்கு சிமெண்ட் பூசியது போல ஆனது. வெளியே ஒரு மரம் இருந்தது என்பதற்கு இப்போது நான் மட்டுமே சாட்சி.

அப்புறம் ஆட்டம். கையில் பிடித்து எடுத்ததற்கு ஸ்டெபிலைசரைப் போட்டேன். அது நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டித் தின்னும். எடுத்தது 4கே அளவில், கொடுக்கப்போவது அதைவிடச் சின்ன 1080 அளவில் என்பதால் தின்னக் கொடுக்க நிறையவே இருந்தது. ஆனால் அவர் அசையாமல் நின்றார், பின்னால் இருந்த சுவர் மூச்சு விட்டது. அளவைக் குறைத்துவிட்டேன். கொஞ்சம் ஆடினால்தான் என்ன?

ஒரு கிளிப்பில் ஆட்டோ ஃபோகஸ் அவரை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த புத்தக அலமாரியைப் பிடித்திருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் படிக்கலாம், அவர் முகத்தைத்தான் படிக்க முடியாது. ஷார்ப்பன் போட்டால் மங்கல் போகாது, மங்கலுக்குக் கோடு போட்டதுபோல இருக்கும். ஓரமாக வைத்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ரெக்கார்டு பட்டனை நடுவில் எங்கோ ஒரு தடவை கூடுதலாக அழுத்தியிருக்கிறேன். அதிலிருந்து எல்லாம் தலைகீழ். "ஆரம்பிக்கலாம்ப்பா" என்றபோது கேமரா நின்றிருக்கிறது, "போதும்ப்பா" என்றபோது ஓட ஆரம்பித்திருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் நாளில் தலைமையாசிரியர் இவரையும் மாணவன் என்று நினைத்து வரிசையில் நிற்கச் சொன்ன கதை. வீடியோவுக்கே உயிர் அதுதான், அது இல்லை. இருந்தது, ஓய்வு நேரத்தில் கேமராவை ஸ்டாண்டோடு வாசல் பக்கம் சாய்த்து வைத்தபோது பதிவான என் செருப்பு. 11 நிமிடம்.

அழிக்கப் போகும்போதுதான் சத்தம் காதில் விழுந்தது. காலர் மைக் அவர் சட்டையிலேயே இருந்திருக்கிறது. கேமரா அணைந்துவிட்டது என்ற நிம்மதியில் அதே கதையை மனைவியிடம் திரும்பச் சொல்கிறார். மேடைத் தமிழ் இல்லை, தொண்டையைச் செருமிக்கொள்வது இல்லை, தலைமையாசிரியர் குரலில் மிமிக்ரி வேறு. சத்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, மேலே ஒட்டப் படம் தேடினேன். அவர் கைகள் கிடைத்தன. ஓரமாக வைத்த அலமாரி கிளிப்பில் மங்கலானவரை வெட்டிவிட்டுப் புத்தகங்களை மட்டும் எடுத்தேன். அப்படியும் 4 நொடி பள்ளம் விழுந்தது. வேறு வழியில்லாமல் செருப்பைப் போட்டேன். உள்ளதைச் சொன்னால், அன்று நான் எடுத்ததிலேயே ஆடாமல், ஃபோகஸ் தப்பாமல், அளவான வெளிச்சத்தோடு அமைந்த ஒரே ஷாட் அதுதான்.

குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. அப்பா கடைசிவரை பேசவில்லை. முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நல்லா இருக்கு தம்பி. அந்த வரிசையில நின்ன கதையில ஒரு செருப்பு வந்துதே, அது யாரோடது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"அப்ப நீங்க இந்த மாதிரி செருப்புதானே போட்டிருந்தீங்க? எங்க தேடிப் பிடிச்சானோ பிள்ளை!"

அப்பா சட்டென்று நெகிழ்ந்துபோய் என் தோளைத் தட்டினார். செருப்பு வாசலில்தான் கிடந்தது. அவர்கள் தூங்கப் போகும்வரை நான் கிளம்பவில்லை.