மஞ்சளாகிப்போன கன்ட்ரோல்

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வை மூன்றாவது முறை எழுதித்தான் பிஎச்டி செய்ய ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. நோய் எதிர்ப்பாற்றலை ஆராயும் இம்யூனாலஜி லேபில் சேர்ந்தபோது மாதம் 31,000 ரூபாய். 2023 ஜனவரி முதல் கணக்கிட்டு 37,000 ஆக்கினார்கள். அது கைக்கு வந்து சேர்ந்த கதை வேறு.

என் வேலை, காசநோய்க் கிருமியின் ஒரு புரதத்துக்கு கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுக்கள் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று பார்ப்பது. டிஎச்பி-1 என்ற மனிதச் செல்களை வளர்க்க வேண்டும். மீடியா என்ற வளர்ப்புத் திரவத்தில் மிதந்துகொண்டிருப்பவை, பிஎம்ஏ என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் ஓரிரு நாளில் பிளேட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு மேக்ரோபேஜ் போல ஆகிவிடும். அவை சுரக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தை, ஆன்டிபாடியை வைத்துச் செய்யும் எலைசா சோதனையில் அளப்பேன். அது இருந்தால் நீல நிறம் வரும், அமிலம் விட்டதும் மஞ்சளாகும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, காசநோய்ப் புரதம் சேர்க்காமல் விட்ட கன்ட்ரோல் வெல்களில் (பிளேட்டின் சிறு குழிகளில்) நிறம் வரக் கூடாது.

எனக்கு வந்தது. அதுவும் பளிச்சென்று.

மூன்று வாரம் பிளேட்டைக் கழுவுவதைச் சந்தேகப்பட்டேன், ஆன்டிபாடியைச் சந்தேகப்பட்டேன், பைப்பெட்டைக்கூட விடவில்லை. கடைசியில் சீனியர் அக்கா ஒருவர் டீ குடித்துக்கொண்டே, "மைக்கோபிளாஸ்மா பாத்தியா?" என்றார். பார்க்கவில்லை. செல் வளர்ப்பில் புகுந்துவிடும் மிகச் சிறிய பாக்டீரியா அது. மற்ற பாக்டீரியா என்றால் மீடியா கலங்கிக் காட்டிக்கொடுத்துவிடும், இது கலங்காது. செல்சுவரே இல்லாததால் பெனிசிலினும் ஒன்றும் செய்யாது. அதன் லிப்போபுரதங்களோ மேக்ரோபேஜ் கிருமிகளை உணரும் டிஎல்ஆர்-2 ஏற்பியைத் தட்டி எழுப்பிவிடும், டிஎன்எஃப் சுரந்துவிடும். நான் ஏழு மாதம் அளந்ததில் எவ்வளவு என் புரதத்துக்கானது, எவ்வளவு இதற்கானது, யாருக்குத் தெரியும்?

கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆரில், அது இருக்கிறது என்று காட்டும் பட்டை தெளிவாக விழுந்தது. திரவ நைட்ரஜன் டேங்கில் உறையவைத்திருந்த செல் குப்பிகளிலும் அதே கதை. எல்லாவற்றையும் நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டேன். கைடு திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஜேஆர்எஃப்பிலிருந்து அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப்புக்கு உயர்த்தலாமா என்று பார்க்கும் கமிட்டிக்கு முன் அந்த மஞ்சள் பிளேட்டையே முதல் ஸ்லைடாக வைத்தேன். வேறு காட்ட என்ன இருந்தது? அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார்கள். எஸ்ஆர்எஃப் கொடுத்தும்விட்டார்கள்.

அப்புறம் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையமான என்சிசிஎஸ்ஸிலிருந்து புது செல் வாங்கினோம். தனி இன்குபேட்டரில் வைத்து, இரண்டு முறை சோதித்த பிறகே தொட்டேன். அன்று மூன்று கன்ட்ரோல் வெல்லும் தண்ணீர் மாதிரி நின்றன. அவற்றை மட்டும் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

"இதுல ஒண்ணுமே தெரியலையேடி?"

"அதுதாம்மா வேணும்."