ஆன்லைனில் சட்டை எடுக்கும் முன் டேப்பை எடுங்கள்

படம் பிடித்துப்போனதும் எம், எல் என்ற எழுத்தை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள். ஒரு பிராண்டின் எல் இன்னொன்றில் எம்மாக இருக்கும்.

உங்களுக்குக் கச்சிதமான பழைய சட்டைக்குப் பட்டன் போட்டு, சுருக்கமில்லாமல் மேசையில் விரியுங்கள். ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை 53 செ.மீ. வந்தால், சட்டையின் மார்புச் சுற்று 106. விற்பனைத் தளத்தின் அளவு அட்டவணையில் இருப்பது உடம்பின் அளவா, சட்டையின் அளவா? பெரும்பாலும் இங்கேதான் தவறு நடக்கிறது. நெய்த துணிக்கு உடம்பைவிட 8 முதல் 12 செ.மீ. தளர்வு வேண்டும். தோள் மட்டும் துல்லியமாகப் பொருந்தியே ஆகவேண்டும். இடுப்பைப் பிடிப்பது தையல்காரருக்கு எளிது, தோளைப் பிரிப்பது பெரிய வேலை.

முன்பே சுருக்கப்படாத பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம், 70 செ.மீ. நீளத்தில் 2 முதல் 3.5 செ.மீ. போய்விடும்.

பார்சல் வந்ததும் போட்டுப் பார்த்துக் கைகளை உயரத் தூக்குங்கள். அதுவரை லேபிளைக் கிழிக்க வேண்டாம்.