சர்க்கரை நோயாளி பையில் சர்க்கரை

சர்க்கரை நோய் இருப்பவன் குளுக்கோஸ் மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கப் போனால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரிக்கட்டும். இன்சுலின் ஆரம்பித்த புதிதில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, "நல்லா நட, வாயைக் கட்டு" என்பதுதான் எல்லோரும் சொன்னது, நானும் அதை அப்படியே கேட்டு ஒருநாள் சாயங்காலம் வழக்கமான டோஸைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைப் பாதியாக்கி, ஒரு மணி நேரம் வேக நடை நடந்தேன்.

வீடு திரும்பினால் கதவைத் திறக்க முடியவில்லை. சாவி கையில் இருக்கிறது, பூட்டு கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் கை நடுங்கிச் சாவி துவாரத்தைச் சுற்றியே கீறிக்கொண்டிருக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நடந்த வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். ஒருவழியாக உள்ளே போய்ப் பார்த்தால் சர்க்கரை மீட்டரில் 52, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருந்தது.

அப்புறம்தான் கணக்குப் புரிந்தது. தசை வேலை செய்யும்போது இன்சுலின் தயவில்லாமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ஊசியில் போனது தன் பங்குக்கு இழுக்கும். செலவு இரண்டு பக்கம், வரவோ பாதி. அதைவிட மோசம், நடையை நிறுத்தினாலும் அந்த இழுப்பு உடனே நிற்காது, 24 மணி நேரம்கூட நீடிக்கலாம், அதனால் சாயங்காலம் நடந்ததற்கு நடுராத்திரி தூக்கத்தில் சர்க்கரை இறங்கும்.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் பொறுமை, மறுபடி சோதனை. ஒரு மாத்திரை 4 கிராம் என்றால் நான்கு போதும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மாத்திரை எளிது, அந்த 15 நிமிடம்தான் கொடுமை, கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கத் தோன்றும், விழுங்கினால் அடுத்த சோதனையில் 300 நிற்கும் (நின்றிருக்கிறது).

என் அத்தான் கதை வேறு. அவர் இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார். சர்க்கரை இறங்கும்போது வருகிற படபடப்பையும் நடுக்கத்தையும் அந்த மருந்து மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். நடக்கிறவனுக்கு வியர்வையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நின்று விரலைக் குத்திப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இப்போது செருப்பு மாட்டுவதற்கு முன் மீட்டர். 90-க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் படியிறங்குவேன். நடக்கிற நாளில் தொடையில் ஊசி போடுவதில்லை, உழைக்கிற காலில் போட்டால் மருந்து சீக்கிரம் ஏறும். தினமும் நடக்கிறேன் என்று சொன்னதும் மருத்துவரே சாயங்கால டோஸைக் குறைத்தார், அதை நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். இன்சுலின் இல்லாமல் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது, கொடுத்துவைத்தவர்கள்.

மாத்திரையைச் சட்டைப் பையில் மட்டும் வைக்காதீர்கள். போன வாரம் அப்படியே துவைக்கப் போட்டு, மொத்தச் சட்டைகளும் பாகில் ஊறியதுபோல் பிசுபிசுவென்று வெளியே வந்தன.