பழைய டிவி கேம் பெட்டிக்குள் ஒரு ராஸ்பெரி பை: வேலை நாட்குறிப்பு

2023 மே 6, சனி

என்னிடம் இருக்கும் இந்த டிவி கேம் பெட்டி, 1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவியைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் டிவி கேம் என்று விற்றவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட நகல்கள்தான். இன்று அதைத் திறந்து போர்டின் ஒவ்வொரு பகுதியையும் மல்டிமீட்டர் வைத்துச் சோதித்தேன். ரெகுலேட்டர் 5 வோல்ட்டை ஒழுங்காகவே தருகிறது. ஆனால், முழுக் கணினியையும் ஒரே சிப்பில் அடக்கி, அதன்மேல் கறுப்புப் பசையைப் பொட்டு வைத்ததுபோல் ஊற்றி மூடியிருக்கும் இடத்திலிருந்து படமும் வரவில்லை, ஒலியும் வரவில்லை. அந்தச் சிப்பை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை.

போர்டில் உயிர் இருந்திருந்தால், அதை நீக்கிவிட்டு ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை உள்ளே வைக்கும் இந்த வேலையில் இறங்கியிருக்க மாட்டேன். ஓடிக்கொண்டிருக்கும் பழைய கருவியைப் பிரித்தெறிந்துவிட்டு அதன் கூட்டை மட்டும் பயன்படுத்துவது எனக்கு ஒப்பாத செயல். செத்த பெட்டிக்கு மறுபடி வேலை கொடுப்பது வேறு.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டேன்: வெளிப்புறத்தில் புதிதாக ஒரு துளைகூடப் போடுவதில்லை. பவர் சுவிட்ச், ரீசெட் பொத்தான், முன்பக்கத்து 9 பின் சாக்கெட்டுகள், பின்பக்கத்து மஞ்சள், வெள்ளை ஜாக்குகள், கேசட் மூடி ஆகிய அனைத்தும் முன்பு செய்த வேலையையே செய்ய வேண்டும். உள்ளே சிறு கணினியை வைத்துவிட்டு வெளியே யூஎஸ்பி கேம்பேடைத் தொங்கவிடுகிற பலருடைய கருவிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெட்டி வெறும் உறையாகிவிடுகிறது.

மே 7, ஞாயிறு

கணினியாக ராஸ்பெரி பை 3 பி பிளஸ். புதிய பை போர்டுகள் சரியான விலையில் கிடைப்பது 2021 முதலே அரிதாக இருந்தது. இது முன்பே என் மேசை இழுப்பறையில் இருந்தது. 85 மில்லிமீட்டர் நீளம், 56 மில்லிமீட்டர் அகலம் கொண்ட இந்த போர்டு, பெட்டிக்குள் தாராளமாக உட்காருகிறது.

ஃபேமிகாமின் செயலி 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதற்கு இருந்த நினைவகம் 2 கிலோபைட். பையில் 1.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நான்கு கோர்களும் 1 ஜிபி நினைவகமும் உள்ளன. வேகத்தைப் பற்றிக் கவலை இல்லை. பழைய கருவியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டர் எவ்வளவு துல்லியமாகப் போலச்செய்கிறது என்பதுதான் முக்கியம். பழைய கருவியின் படச் சிப், திரையை ஒவ்வொரு வரியாக வரைந்தது. ஒரே வரியில் எட்டு உருவங்களுக்கு மேல் அதனால் காட்ட முடியாது. அதனால்தான் எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுக்கின. எமுலேட்டரில் இந்த வரம்பை நீக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. நான் அதைத் தொடப்போவதில்லை, ஏனெனில் கேமை எழுதியவர்கள் அந்த வரம்பை அறிந்தே எழுதினார்கள்.

மென்பொருளாக, பழைய கேம்களை ஓட்டுவதற்கான ரெட்ரோபை தொகுப்பு, அதனுள் எமுலேட்டர்களை இயக்கும் ரெட்ரோஆர்ச். இப்படிச் செய்வது ஏதோ குறுக்குவழி என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் 2016இல் நிண்டெண்டோவே வெளியிட்ட சிறிய என்ஈஎஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவம்) பெட்டிக்குள்ளும் லினக்ஸில் ஓடும் எமுலேட்டர்தான் இருந்தது; 2018இல் வந்த சோனியின் சிறிய பிளேஸ்டேஷனோ, பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்ற திறமூல எமுலேட்டரையே பயன்படுத்தியது.

மே 13, சனி

வெள்ளையாக இருந்த மேல்மூடி பழுப்பு மஞ்சளாகிக் கிடந்தது. தீப்பிடிக்காமல் இருக்க ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் புரோமின் சேர்மங்கள், புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு நிறம் மாறுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுகிறது. அழகு நிலையங்களில் முடிக்குப் பயன்படுத்தும் 12 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு க்ரீமைக் கையுறை அணிந்துகொண்டு தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மொட்டைமாடியில் வைத்தேன். கத்திரி வெயிலுக்கு இதைவிட நல்ல பயன் இருக்க முடியாது. க்ரீம் காய்ந்தால் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும் என்பதால் அவ்வப்போது திருப்பி வைத்து, மீண்டும் தடவிக்கொண்டே இருந்தேன். சிவப்புப் பகுதிகளையும் ஸ்டிக்கர்களையும் இதில் சேர்க்கவில்லை. ஆண்டுகள் போகப் போக மஞ்சள் திரும்பி வரலாம். வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம்.

மே 20, சனி

ஜாய்ஸ்டிக் வேலைக்காகவே இந்தத் திட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லலாம். அந்தக் கனமற்ற பிளாஸ்டிக்கும், திசைப் பொத்தானின் அடியில் இருக்கும் ரப்பரின் எதிர்விசையும் கைக்குக் கிடைக்காவிட்டால், திரையில் எத்தனை துல்லியமான படம் வந்தாலும் அது அந்த விளையாட்டு ஆகாது.

இது வேலை செய்யும் முறை வியக்கத்தக்க எளிமை கொண்டது. எட்டுப் பொத்தான்கள் இருந்தும் வயர்கள் ஐந்துதான்: மின்சாரம், கிரவுண்ட், லாட்ச், க்ளாக், டேட்டா. அசல் ஜாய்ஸ்டிக்கில் 4021 என்ற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சிப் இருந்தது. என் நகலில் அதே வேலையைக் கறுப்புப் பசைக்கு அடியிலுள்ள சிப் செய்கிறது. லாட்ச் வயரில் ஒரு துடிப்பு வந்ததும், அந்தக் கணத்தில் எந்தெந்தப் பொத்தான்கள் அழுத்தப்பட்டிருக்கின்றன என்பதைச் சிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு க்ளாக் துடிக்கத் துடிக்க, ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்ற வரிசையில் ஒவ்வொன்றின் நிலையையும் டேட்டா வயர் வழியே அனுப்புகிறது. அழுத்தப்பட்ட பொத்தானுக்கு 0, அழுத்தப்படாததற்கு 1.

நகல்களில் எந்தப் பின்னில் எந்த வயர் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், வயர் நிறத்தையும் நம்ப முடியாது. எனவே ஜாய்ஸ்டிக்கைத் திறந்து, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, போர்டின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பின்னுக்குப் போகிறது என்று தாளில் வரைந்துகொண்டேன். இந்தச் சிப் 5 வோல்ட்டில் இயங்குவது. வெளிக் கருவிகளை இணைப்பதற்கான பையின் ஜிபிஐஓ பின்களோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. இரண்டையும் நேராக இணைக்காமல், நடுவே 5 வோல்ட்டில் ஓடும் ப்ரோ மைக்ரோ என்ற சிறிய ஆர்டுயினோ வகை போர்டு ஒன்றை வைத்தேன். லாட்ச்சும் க்ளாக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளுக்கும் பொது. டேட்டா மட்டும் தனித்தனி. ப்ரோ மைக்ரோ இரண்டையும் படித்து, இரண்டு யூஎஸ்பி கேம்பேடுகளாகப் பைக்குக் காட்டுகிறது. சென்னை ரிச்சி தெருவில் ஆர்டுயினோ போர்டுகள் விற்கும் கடைகளில் இந்த போர்டு கிடைக்கும்.

மே 21, ஞாயிறு

ரப்பர் தகட்டின் கார்பன் முனைகளையும் போர்டின் தொடுபுள்ளிகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். இரண்டாம் ஜாய்ஸ்டிக்கின் பி பொத்தான் இப்போது இலேசாகத் தொட்டாலே பதிவாகிறது.

மே 27, சனி

மின்சாரம். பின்பக்கத்து வட்ட ஜாக்கில் நேரடியாக 5 வோல்ட் கொடுப்பது சுலபம்தான். ஆனால் என்றாவது ஒருநாள் வீட்டில் யாராவது பழைய 9 வோல்ட் அடாப்டரைச் செருகினால் பை எரிந்துபோகும். ஃபேமிகாமில் ஜாக்கின் நடுமுனை நெகட்டிவ்; இன்றைய அடாப்டர்களில் பெரும்பாலும் பாசிட்டிவ். ஆகவே, தலைகீழாக வந்தால் தடுத்துவிட 1என்5822 ஷாட்கி டையோடு ஒன்றையும், அதன்பின் வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் கன்வெர்ட்டரையும் பொருத்தினேன். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரைக் கொடுத்து, பையை இணைக்கும் முன்பே கன்வெர்ட்டரின் சிறு திருகைத் திருப்பி 5.1 வோல்ட்டில் நிறுத்தினேன். வோல்ட்டேஜ் 4.63க்குக் கீழே இறங்கினால் பை எச்சரிக்கை காட்டும். அதற்கு இடம் தரக்கூடாது. ஜிபிஐஓ பின்கள் வழியாக மின்சாரம் கொடுக்கும்போது பையின் சொந்த ஃப்யூஸைத் தாண்டிப் போய்விடுகிறது என்பதால், தனியாக 2.5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றையும் சேர்த்தேன்.

ரீசெட் பொத்தானை ஜிபிஐஓ 3இல் இணைத்தாயிற்று. ஒருமுறை அழுத்தினால் கணினி முறையாக அணைகிறது. அணைந்த நிலையில் அழுத்தினால் மீண்டும் எழுகிறது. முன்பக்கத்துச் சிவப்பு எல்இடியை 330 ஓம் ரெசிஸ்டருடன் ஜிபிஐஓ 14இல் இணைத்து யூஆர்ட் என்ற தொடர்வழித் தகவல் வசதியை இயக்கிவிட்டால், பை முற்றிலும் நின்ற பிறகுதான் விளக்கு அணையும். விளக்கு அணைந்த பின் பவர் சுவிட்சைத் தள்ளினால் மெமரி கார்டுக்கு ஆபத்தில்லை.

ஜூன் 3, சனி

பையின் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் ஒலியோடு காம்போசிட் வீடியோவும் வருகிறது. நுனி இடப்பக்க ஒலி, அடுத்த வளையம் வலப்பக்க ஒலி, அதற்கடுத்தது கிரவுண்ட், அடிப்பகுதி வீடியோ. கடையில் கிடைக்கும் கேமரா வயர்களில் இந்த வரிசை மாறியிருக்கும் என்பதால் பிளக்கை நானே பற்றவைத்தேன். இரு ஒலிகளையும் ஆளுக்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேர்த்து வெள்ளை ஜாக்குக்கும், வீடியோவை மஞ்சள் ஜாக்குக்கும் கொண்டுபோனேன்.

படக்குழாய் டிவியில் முதலில் வந்த படம் மெல்ல நடுங்கியது, ஏனெனில் பை வழக்கமாக ஒன்றுவிட்டு ஒன்றாக வரிகளை அனுப்புகிறது; பழைய கருவியோ 240 வரிகளை முழுமையாக ஒரே மூச்சில் அனுப்பியது. பையின் அமைப்புக் கோப்பில் எஸ்டிடிவி மோடை 18 என்று மாற்றியதும் பால் (PAL) என்ற டிவி முறையில் வரிகள் ஒழுங்காக நின்றன. வரிகளுக்கு நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளிகளும் தெரிந்தன.

வேகத்தைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன். ஜப்பானிய, அமெரிக்கக் கருவிகள் நொடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் காட்டின. பால் முறையிலான இந்த நகல் 50தான் காட்டியது. கேமின் நடையும் இசையின் தாளமும் படங்களின் எண்ணிக்கையோடு பிணைந்தவை என்பதால், இந்தப் பெட்டியில் எல்லாம் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நடந்தது. ஆனால் செயலியின் வேகம் 1.77 மெகாஹெர்ட்ஸாக வைக்கப்பட்டதால் சுருதி மட்டும் அநேகமாக இறங்கவில்லை. ஐரோப்பாவின் அசல் பால் கருவியில் 1.66க்கு இறங்கியதால் சுருதியும் இறங்கியது. 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த டெண்டி நகலின் பெயரால் இந்த அமைப்பை டெண்டி என்கிறார்கள். எஃப்சிஈயூஎம்எம் எமுலேட்டரில் அந்தத் தேர்வு உண்டு. 60தான் அசல் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் இந்தப் பெட்டி ஓடிய வேகம் 50. அதையே இயல்பு நிலையாக வைத்தேன்.

ஜூன் 4, ஞாயிறு

3 பி பிளஸ், 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தன் வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளும். மூடிய பெட்டியில், மின்விசிறி ஓடாத அறையில் ஒரு மணி நேரத்துக்குப் பின் 63 காட்டியது. ஹீட்சிங்க் ஒட்டி, பையை அடிப்பகுதியின் காற்றுத் துளைகளுக்கு மேலே உயர்த்தி வைத்ததும் 56இல் நின்றது.

கேசட் மூடிக்கு அடியில் யூஎஸ்பி சாக்கெட். பழுதான கேசட்டின் கூட்டுக்குள் பென் டிரைவை வைத்து, முன்பு கேசட் செருகிய இடத்திலேயே செருகும்படி செய்தேன். அதில் இப்போதைக்கு இரண்டு: ஆசிரியரே இலவசமாகத் தந்திருக்கும் நோவா தி ஸ்க்விரல், விலைக்கு வாங்கிய மைக்ரோ மேஜஸ். 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ் வெறும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிய கேம். பதிப்புரிமை உள்ள கேம்களை இணையத்திலிருந்து இறக்கி நிரப்ப எனக்கு விருப்பமில்லை. இன்றும் இந்தக் கருவிக்காக எழுதுகிறவர்களுக்குப் பணம் போய்ச்சேரட்டும்.

ஜூன் 10, சனி

மீதி இருந்தது டிவி கேம் துப்பாக்கி. விசையை அழுத்தியதும் கேம் திரையைக் கறுப்பாக்கி, இலக்கு இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரையும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்ததா என்று உடனே கேட்கும். தட்டை டிவியில் படம் தாமதமாக வருவதால் இது நடக்காது. படக்குழாய் டிவியிலும், பை தன் படத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் அந்தச் சில படங்களின் இடைவெளியில், கேம் கேட்டு முடித்துவிடுகிறது. அந்தத் தாமதத்தை நீக்கும் வழி கிடைக்கும்வரை துப்பாக்கியை இணைப்பதாக இல்லை. சாக்கெட்டில் அதற்கான இரண்டு வயர்களையும் வெட்டாமல், முனைகளுக்கு ஸ்லீவ் போட்டு மடித்து வைத்தேன். வயரிங் வரைபடத்தில் அவற்றையும் குறித்து, மேல்மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுத் திருகுகளை முடுக்கினேன்.