மாடி அறைக்கு வைஃபை: ஒரு பழைய டெஸ்க்டாப்பும் யூஎஸ்பி அடாப்டரும்

எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பின் பெட்டி கீழே கூடத்தில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிறது. ஒயரை எந்த வழியாக உள்ளே இழுக்க வசதியோ அங்கேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பல வீடுகளில் இதே கதைதான். கம்ப்யூட்டரும் கூடத்தில் இருந்தவரை ஒரு சின்ன லேன் ஒயர் போதுமாக இருந்தது. தங்கை டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க ஆரம்பித்ததும், சீரியல் சத்தத்துக்கு நடுவே மாதிரித் தேர்வு எழுத முடியவில்லை, மாடி அறைக்கு மாற்றிக் கொடு என்றாள். மாற்றியாயிற்று. நெட்டை எப்படி மேலே ஏற்றுவது?

கம்ப்யூட்டர் பழசு. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், மதர்போர்டில் வைஃபை கிடையாது. விண்டோஸ் அதில் தவழ்ந்துகொண்டிருந்ததால், அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 21 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு வைத்திருந்தேன். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

லேன் ஒயர் இழுத்துவிட்டால் அதற்கு நிகர் கிடையாது. கேட் 6 ஒயரில் 100 மீட்டர் வரை சிக்கலில்லாமல் நெட் வரும், எங்களுக்கு அதில் கால்வாசி நீளம்கூட வேண்டாம். ஆனால் மாடிப்படி வழியாகச் சுற்றி ஒட்டினால் அசிங்கமாக இருக்கும் என்று அம்மாவும், இப்போதுதான் பெயின்ட் அடித்த சுவரில் துளை போடக் கூடாது என்று அப்பாவும் சொல்லிவிட்டார்கள். மதர்போர்டில் செருகும் வைஃபை கார்டையும் யோசித்தேன். அதன் ஆன்டெனா கேபினெட்டின் பின்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் மேசையில் கேபினெட் சுவரோடு ஒட்டி ஒரு மரப்பெட்டிக்குள் இருக்கிறது. முன்னால் இரும்புத் தகடு, பின்னால் செங்கல் சுவர், நடுவில் ஆன்டெனா என்றால் சிக்னல் எங்கிருந்து வரும்? யூஎஸ்பி துளையில் செருகும் வைஃபை அடாப்டர் என்றால் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அதையே வாங்குவது என்று முடிவானது.

சென்னையில் இந்த மாதிரிச் சாமான்களுக்கு ரிட்சி தெருவை விட்டால் வேறு இடம் எனக்குத் தோன்றுவதில்லை. கவுன்ட்டரில் மூன்று வகை எடுத்து வைத்தார்கள். நகம் அளவுக்கு ஒன்று, வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், 150 எம்பிபிஎஸ். சின்ன ஆன்டெனா வைத்த இன்னொன்று, பெட்டியில் ஏசி 600 என்று போட்டிருந்தது (ஏசி என்பது வைஃபையின் ஒரு தலைமுறை). மூன்றாவது ஏசி 1300, யூஎஸ்பி 3.0, விலை இரண்டு மடங்கு. நான் எடுத்தது நடுவில் இருந்ததை, எழுநூறு ரூபாய்ச் சொச்சம்.

அந்த 600 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433, இரண்டையும் கூட்டி மேலே தள்ளி முழு எண்ணாக்கினால் 600. ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் இணைய முடியும் என்பதால் அந்த 600 எவர் வீட்டிலும் வராது. அந்த 150, 433 என்பதும் அடாப்டரும் ரூட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம்தான். நமக்குக் கையில் கிடைப்பது பாதியோ கொஞ்சம் கூடவோ. எங்கள் இணைப்பே 100 எம்பிபிஎஸ்தான் என்பதால் எனக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

"லினக்ஸ்ல வேலை செய்யுமா?" என்று கேட்டேன். "எல்லாத்துலயும் வரும் சார்" என்றார் கடைக்காரர். ஒரு விதத்தில் அவர் சொன்னது சரிதான்.

வீட்டுக்கு வந்து செருகியதும் திரையில் ஒரு சிடி திறந்தது. உள்ளே விண்டோஸுக்கான இன்ஸ்டாலர் கோப்பு ஒன்று மட்டும். மூலையில் நெட்வொர்க் ஐகானில் எந்த மாற்றமும் இல்லை. தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, வைஃபைன்னு சொல்லி பென்டிரைவ் வாங்கிட்டு வந்துட்டியா?" என்றாள்.

நடப்பது இதுதான். சிடி டிரைவ் இல்லாத கம்ப்யூட்டர்கள் அதிகமானதால், பல அடாப்டர்களில் டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளை, உள்ளேயே வைத்து விற்கிறார்கள். செருகியவுடன் அடாப்டர் சிடி டிரைவ் போல மாறுவேடம் போடும். விண்டோஸ்காரர் அந்த இன்ஸ்டாலரை ஓட்டினால் டிரைவர் பதிந்து, வேடம் கலைந்து, வைஃபை கருவியாக மாறிவிடும். லினக்ஸில் அந்த இன்ஸ்டாலருக்கு வேலை இல்லை. அதனால் யாராவது சொல்லும்வரை அது சிடியாகவே உட்கார்ந்திருக்கும்.

எந்தச் சிப் உள்ளே இருக்கிறது என்பதைப் பெட்டியில் எங்கும் அச்சிடவில்லை. டெர்மினலில் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு சாதனத்துக்கும் நான்கு எழுத்தில் இரண்டு குறியீடுகள் வரும். முதலாவது தயாரிப்பாளரைக் குறிக்கும், இரண்டாவது சாதனத்தை. என்னுடையதில் முதல் பாதி 0பிடிஏ. அது ரியல்டெக் நிறுவனத்தின் எண். இரண்டாம் பாதி 1ஏ2பி. இதுதான் சிடி வேடத்தின் எண் என்று தேடியதும் தெரிந்தது. வேடத்தைக் கலைக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். கோப்பு மேலாளரில் அந்தச் சிடியின் பக்கத்தில் இருக்கும் வெளியேற்று பொத்தானை அழுத்தினேன். சிடி மறைந்தது. மறுபடி பட்டியலைப் பார்த்தால் இரண்டாம் பாதி சி811 என்று மாறியிருந்தது. ஆக, 8811சியூ, 8821சியூ என்ற குடும்பத்துச் சிப். வாங்கிய பெட்டியின் மேல் இருந்த பிராண்டு பெயரைவிட இந்தக் குறியீடுதான் அதற்குப்பின் எனக்கு எல்லாவற்றுக்கும் உதவியது.

வேடம் கலைந்தும் வைஃபை வரவில்லை. லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வரும். மின்ட் 21-இல் இருந்தது 5.15 கெர்னல். இந்தச் சிப்பின் யூஎஸ்பி வகைக்கான டிரைவர் கெர்னலுக்குள் சேர்ந்தது 6.2-இல், அதாவது 2023 பிப்ரவரியில். என் கெர்னலுக்கு இந்தச் சிப்பை அடையாளம் தெரியாததில் வியப்பில்லை.

மேற்கொண்டு தேடக் கம்ப்யூட்டரில் நெட் வேண்டுமே. அதற்குச் செல்போன் இருக்கிறது. சார்ஜர் ஒயரால் போனைக் கம்ப்யூட்டரில் இணைத்து, போனின் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும். லினக்ஸ் அதை ஒயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் கேட்காது. டெஸ்க்டாப்பில் நெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இணையத்தில் கிடைத்த ஆலோசனைகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி: டிரைவரின் மூல நிரலை இறக்கு, கம்பைல் செய் (கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்று), பதி. அது வேலை செய்யும்தான். ஆனால் கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் அந்த டிரைவரைத் திரும்பக் கம்பைல் செய்தாக வேண்டும். டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைத் தானாகச் செய்யும் என்றாலும், புதிய கெர்னலோடு பழைய நிரல் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கு நெட் இருக்காது. கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆன் செய்திருந்தால் டிரைவரில் கையொப்பமிடும் வேலை வேறு. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தங்கையின் மாதிரித் தேர்வு நாளன்று இப்படி ஒன்று நடந்தால் யார் உட்கார்ந்து கம்பைல் செய்வது? அதனால் டிரைவரைத் தேடிப் போவதைவிட டிரைவர் இருக்கும் கெர்னலுக்கு மாறுவது என்று தீர்மானித்தேன்.

மின்ட்டில் இது சுலபம். அப்டேட் மேனேஜரின் மெனுவில் லினக்ஸ் கெர்னல்கள் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் 6.8 வரிசையும் பட்டியலில் இருந்தது. தேர்ந்தெடுத்து நிறுவு என்றேன். போனின் டேட்டாவில் கொஞ்சம் பெரிய டவுன்லோடுதான், பொறுத்துக்கொள்ள வேண்டும். பழைய கெர்னலை நீக்கவில்லை. புதியதில் ஏதாவது தகராறு வந்தால் பூட் ஆகும்போது மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய்ப் பழையதையே எடுத்துக்கொள்ளலாம்.

ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் மறுபடியும் அந்தச் சிடி. வெளியேற்று பொத்தானை அழுத்தினேன். சில நொடிகளில் மூலையில் ஐகான் மாறி, எங்கள் வீட்டுப் பெயரோடு தெருவில் பாதி வீடுகளின் வைஃபை பெயர்களும் வரிசையாக வந்தன. எதிர்வீட்டுக்காரர் தன் வைஃபைக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

ஒவ்வொரு முறையும் தங்கை சிடியை வெளியேற்றிக்கொண்டிருக்க முடியாதல்லவா? லினக்ஸில் யூடெவ் என்று ஒன்று இருக்கிறது. எந்தச் சாதனம் செருகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற விதிகளை அதில் எழுதி வைக்கலாம். தயாரிப்பாளர் எண் இது, சாதன எண் இது, இரண்டும் பொருந்தினால் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் நிரலைக் கொண்டு வெளியேற்று என்று ஒரே வரி. அந்த நிரல் என் மின்ட்டில் ஏற்கெனவே இருந்தது. அன்றிலிருந்து கம்ப்யூட்டரைப் போட்டால் தானாக வைஃபை வருகிறது, சிடி கண்ணில் படுவதில்லை.

இதோடு முடிந்தது என்று இருந்தேன். ஆனால் புகார் வந்துகொண்டே இருந்தது: வீடியோ வகுப்பு நடுநடுவே நிற்கிறது. ஒரு நாள் நானே உட்கார்ந்து கவனித்தேன். பேக்கப் எடுக்க எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கை மாட்டி, கோப்புகள் நகலாகிக்கொண்டிருக்கும்போது நெட் அப்படியே படுத்துவிடுகிறது. நகல் முடிந்ததும் எழுந்துவிடுகிறது. அடாப்டர் கேபினெட்டின் பின்பக்கம், ஹார்ட் டிஸ்க் மாட்டிய நீல நிற யூஎஸ்பி 3.0 துளைக்கு அடுத்த துளையில் இருந்தது. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் போய் விழும் என்று இன்டெல் 2012-லேயே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. கவசம் சரியில்லாத ஒயராக இருந்தால் இன்னும் மோசம். ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு ஒயர் வாங்கி அடாப்டரை மேசைமேல், ஜன்னல் ஓரமாக வைத்தேன். கேபினெட்டின் இரும்பும் சுவரும் விலகியதில் சிக்னலும் நன்றாக ஏறியது. விலை ரொம்பக் குறைவு; என்னைக் கேட்டால் இதை அடாப்டர் பெட்டிக்குள்ளேயே போட்டுக் கொடுக்கலாம்.

அப்புறம் பட்டை. எங்கள் ரூட்டரில் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர்தான். அடாப்டர் தானாகத் தேர்ந்தெடுத்தது எப்போதும் 2.4-ஐத்தான். கீழே இருந்து மேலே காங்கிரீட் தளத்தைத் தாண்டி வர வேண்டும். தாழ்ந்த அலைவரிசைக்கு அது சுலபம் என்பதால் அதில் சிக்னல் கோடுகள் அதிகமாகத் தெரியும், அடாப்டரும் அதையே பிடித்துக்கொள்ளும். ஆனால் 2.4-இல் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், அதில் தெரு முழுக்க நெரிசல். ரூட்டருக்குள் போகாமலே இதைச் சரிசெய்ய வழி இருந்தது. மின்ட்டின் நெட்வொர்க் இணைப்பு எடிட்டரில் வைஃபை பக்கத்தில் பட்டை என்ற இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தேன். சிக்னலில் ஒரு கோடு குறைந்தது, வேகம் முப்பது நாற்பதிலிருந்து எண்பதுக்கு மேலே போனது. அறை இரண்டு மாடி தள்ளி இருந்திருந்தால் இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கலாம். இரண்டிலும் வேகச் சோதனை போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சின்னத் தொல்லை. கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு வந்தால் முதல் பக்கம் திறக்கத் தயங்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த அடாப்டர் தூங்கப் போவதுதான் காரணம். லேப்டாப்புக்கு அது நல்லது, எப்போதும் பிளக்கில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு எதற்கு? நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பு ஒன்றில் வைஃபை பவர்சேவ் மதிப்பு 3 என்று இருக்கும். அதை 2 என்று மாற்றினால் தூக்கம் நின்றுவிடும். மாற்றினேன், நின்றது.

கொஞ்ச காலம் கழித்து அத்தை பையன் தன் வீட்டுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று சொல்ல, அவனோடு ரிட்சி தெருவுக்குப் போனேன். அதே பெட்டி, அதே மாடல் எண். ஆனால் ஓரத்தில் சின்னதாக வேறு வெர்ஷன் எண். ஒரே மாடலுக்குள் வெர்ஷன் மாறும்போது உள்ளே சிப்பே மாறிவிடுவது இந்த வியாபாரத்தில் சகஜம். பையில் லேப்டாப்பும், நிறுவாமலே ஓட்டிப் பார்க்கக்கூடிய மின்ட் 22 லைவ் பென்டிரைவும் கொண்டுபோயிருந்ததால், கடைக்காரரிடம் அனுமதி கேட்டுக் கவுன்ட்டரிலேயே செருகிப் பார்த்தோம். குறியீடு வேறு, வைஃபை பட்டியல் வரவில்லை. இன்னொரு பிராண்டை எடுத்துக் கொடுத்தார். அது செருகிய உடனே வந்தது, சிடி வேடம்கூட இல்லை. அறுபது ரூபாய் அதிகம். பில் போட்டுக்கொண்டே அவர், "அந்த நம்பரை எங்க பார்த்தீங்க சார், எனக்கும் ஒரு தடவை காட்டுங்க" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.