தாத்தா கரையேறட்டும்

"சித்தப்பா, ஒரே ஒரு ரவுண்டு!"

அண்ணன் மகன் ரிமோட்டில் ஓடும் பெட்ரோல் பொம்மைப் படகோடு படித்துறையில் நிற்கிறான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் குளம். கழுத்தளவு தண்ணீரில் ஒரு பெரியவர் குளித்துக்கொண்டிருக்கிறார்.

"தாத்தா கரையேறட்டும், பொறுடா."

26 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், ப்ரொப்பல்லர் நிமிஷத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழலும். போன வாரம் அதில் சிக்கிய ஆகாயத்தாமரைத் தண்டு வாழைத்தண்டு நறுக்கியதுபோல வட்ட வட்டமாக மிதந்ததை நான் பார்த்தேன், அது விரலாக இருந்தால்?

இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், படகில் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரை மட்டும் போட்டு, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் திறந்துவைத்து, ரிமோட்டை அணைக்கச் சொன்னேன். சிக்னல் போனால் த்ராட்டில் தானாக மூட வேண்டும். மூடவில்லை, திறந்தபடியே நின்றது. அப்படி மூடவைக்கும் ஃபெயில்சேஃப் ஏற்பாட்டை செட் பண்ணவே இல்லை.

மாடு குளிப்பாட்டுகிற, பிள்ளைகள் நீச்சல் பழகுகிற குளம் இது. இன்றைக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

பையன் முகம் வாடிவிட்டது. பெரியவர் தலை துவட்டிக்கொண்டே வந்து, "இது எப்படி ஓடும் தம்பி?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்கிறான்.